முட்டத்து அத்தை கேட்ட கேள்வி

புளிச்சோற்று அண்டாவை வேலப்பன்சாவடியில் ரோட்டோரமாக இறக்கி வைத்துவிட்டு, பஸ்ஸின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தவன் ஜேசுராஜ். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவனுக்கே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். விடியற்காலையில் அம்பத்தூரிலிருந்து கிளம்பிய பஸ் வேலப்பன்சாவடிக்கு வருவதற்குள், மேலே கட்டியிருந்த படுக்கைகள் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டன. யாரும் கேட்காமலே ஜேசுராஜ் "நா பாத்துக்கறேன்" என்று எழுந்தான். பின்வாசலை அண்டா அடைத்துக்கொண்டிருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு புண்ணியவானைத் துணைக்குக் கூப்பிட்டு அதைக் கீழே இறக்கினான். ஏணியில் ஏறினான். கயிற்றை இழுத்து, முறுக்கி, கப்பல்காரன் மாதிரி முடிச்சுப் போட்டான். அத்தனை முடிச்சு தேவையில்லைதான். ஆனால் மூன்றாவது ஜன்னலிலிருந்து ஹில்டா தலையை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க ஆள் இருக்கும்போது ஒரே முடிச்சோடு இறங்கிவர அவன் என்ன சாமியாரா? கடைசியில் ஏணியைத் தொடாமல் ஒரே குதியாகக் குதித்தான், கையைத் தட்டிக்கொண்டான், ரைட் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டான். பஸ் போய்விட்டது. அண்டா மட்டும் வாழையிலைத் தொப்பி போட்டுக்கொண்டு, ஆவி விட்டபடி, டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தது.

இது தெரியவந்தது மதுராந்தகம் ஏரிக்கரையில். முப்பத்தெட்டுப் பேர் கை கழுவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. உப்பு வைத்தாயிற்று. ஊறுகாயும் வைத்தாயிற்று. அப்புறம் வைப்பதற்கு ஒன்றுமில்லை.

டிரைவர் துலுக்கானம் இலையையும் ஜேசுராஜையும் மாறி மாறிப் பார்த்தான். இருவரும் ஒரே தெருவாசிகள்.

"இன்னா மாமே, ஊறுகாயத் தொட்டுக்கினு வெறும் கைய நக்கறதா?"

"கோயில் கோயிலா போப்போறோம். பட்டினியோட ஆரம்பிச்சா விசேசம்னு சொல்றாங்கபா" என்றான் ஜேசுராஜ்.

யாரும் சிரிக்கவில்லை. பசித்த மனிதனிடம் எடுபடாத சரக்கு ஜோக்கு ஒன்றுதான் என்று ஜேசுராஜ் அன்று தெரிந்துகொண்டான். தெரிந்துகொண்டானே தவிர விட்டுவிடவில்லை. (அந்த அண்டாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: டீக்கடைக் குப்பம்மா அதைப் பத்திரமாக எடுத்து வைத்தாள். குத்தம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு கல்யாணக் கோஷ்டி சோற்றைச் சாப்பிட்டு, உப்பு மட்டும் ஒரு கல் குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போனதாம். அத்தோடு அண்டாவின் கதை முடிந்தது.)

முறைத்த முப்பத்தேழு பேரில் மிக நன்றாக முறைத்தவர் அருள்தாஸ். அவர் ஹில்டாவின் அப்பா. ஜேசுராஜின் கஷ்டமே அதுதான்.

அருள்தாஸ் பிறந்தது கன்னியாகுமரிக்கு அந்தப் பக்கம், முட்டம் என்கிற கடற்கரை ஊரில். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு வந்து, பிறகு ஆவடியில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, பூந்தமல்லிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அம்பத்தூர் ஒரகடத்தில் வீடு கட்டிக் குடியேறி இருபத்தைந்து வருஷமாகிவிட்டது. பேச்சுகூட மெட்ராஸ் பேச்சாகிவிட்டது. ஆனால் கடல் என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "மெரினாவ பாத்துட்டு கடல பாத்தேன்றானுங்க. அது கடலாய்யா? மணல்ல நாக்க நீட்டிக்கினு படுத்துங்கெடக்குது. பாறையில மோதற கடல பாத்துக்கீறீங்களா?" என்பார். எழுபத்திரண்டாம் வருஷம் மே மாதம், கோயில் சங்கத்தில் சுற்றுலா என்று பேச்செடுத்ததும், மணப்பாடு, வட்டக்கோட்டை, முட்டம், குளச்சல் என்று பட்டியலைப் போட்டுக் கையில் கொடுத்தவர் அவர்தான்.

ஜேசுராஜ் ராயபுரத்திலிருந்து வந்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கடைசல் மெஷினில் சேர்ந்து இரண்டு வருஷம். அவன் கடைந்து அனுப்புகிற புஷ் என்கிற இரும்பு வளையங்களை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் அறையில் ஹில்டா இருந்தாள். அவள் மேஜையில் மூன்று தட்டுகள். ஒன்று ஓகே. ஒன்று ரிஜெக்ட். ஒன்று ரீவொர்க், அதாவது இன்னும் கொஞ்சம் சீவினால் தேறும் என்பது. ஒரு நாளைக்கு எண்ணூறு புஷ்ஷுக்கு யோசிக்காமல் பதில் சொல்லுகிற அந்தப் பெண், ஜேசுராஜ் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

முதல் தடவை கேண்டீனில் கேட்டான். "ஹில்டா, நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து காலம் பூரா ஒரே டோக்கனா வாங்கிக்கலாமா?"

"சாம்பார் ஆறுது" என்றாள் ஹில்டா.

இரண்டாவது தடவை, புஷ் அனுப்புகிற பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டான்: 'இதைக் கடைந்தவனையும் சேர்த்து அளந்து பார்க்கவும்.' சாயங்காலம் சீட்டு திரும்பி வந்தது. ரீவொர்க் தட்டில்.

மூன்றாவது தடவை பஸ் ஸ்டாப்பில். "ரோமாபுரி போப்புக்கு லெட்டர் போட்டுக்கீறேன், உனுக்கு என்ன விட்டா மாப்பிள்ள கெடைக்காதுன்னு பதில் வந்துகீது" என்றான். அவள் சிரித்துவிட்டு, "பாக்கலாம்" என்று சொல்லி ஆவடி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அவள் வீடு அம்பத்தூரில். ஆவடியில் அவளுக்கு என்ன வேலை என்று யோசித்தே அவனுக்கு அன்றைய தூக்கம் போயிற்று.

துணிந்து அருள்தாஸிடமே போனான். அவரும் "பாக்கலாம்" என்றார். ஆனால் கூடவே ஒரு வழியைக் காட்டினார்.

"முட்டத்துல எங்க அக்கா சவேரியம்மா கீறாங்க. அவங்க சரின்னா சரி. உன்னப் பத்தி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொன்னா மனசு ஒரு பக்கமா சாஞ்சுடும். கூட்டத்தோட கூட்டமா வா. அவங்களே பாத்து, அவங்களே கேட்டு, அவங்களே சொல்லட்டும்."

ஆகவே மற்றவர்களுக்கு அது சுற்றுலா. ஜேசுராஜுக்குப் பரீட்சை. பரீட்சைக்குப் போகிற வழியில்தான் முப்பத்தெட்டுப் பேரின் நாஷ்டாவைத் தொலைத்திருந்தான்.

மறுநாள் மணப்பாட்டில் நன்றாகவே நடந்துகொண்டான். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற மணல்குன்று, அதன்மேல் கோயில், கீழே குகை. குகைக்குள் ஒரு கிணறு. அலை வந்து அடிக்கிற இடத்துக்குப் பத்தடி தள்ளி, கிணற்றுத் தண்ணீர் தித்திப்பாக இருந்தது. கொரட்டூர் ஏரியில் காற்றடித்து நீர் ஆடினாலே நின்று பார்க்கிறவன் ஜேசுராஜ். இங்கே அவனுக்கு வாயே வரவில்லை. கிழவிகளைக் கைபிடித்து ஏற்றினான், இறக்கினான். ஒரு ஜோக்குகூடச் சொல்லவில்லை. "உடம்புக்கு சொகமில்லையா மாமே?" என்று துலுக்கானமே நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

மூன்றாம் நாள் காலையில் கெட்டது. வட்டக்கோட்டைக்குப் போகிற வழியில் பனைமரத்தடியில் பதநீர் விற்றார்கள். அருள்தாஸ் ஓலைப் பட்டையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "இது எங்க ஊரு சரக்கு. மெட்ராஸ் வயித்துக்குத் தாங்காது" என்று பொதுவாகச் சொன்னார்.

பொதுவாகச் சொன்னதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதில் ஜேசுராஜ் கெட்டிக்காரன். ஒரு பட்டை குடித்தான். அருள்தாஸ் பார்க்கவில்லை. இன்னொன்று குடித்தான். மூன்றாவதில் அவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கிறாரே என்று நாலாவதையும் ஏற்றினான்.

வட்டக்கோட்டை கடலை ஒட்டிக் கருங்கல்லில் எழுப்பிய கோட்டை. திருவிதாங்கூர் ராஜா கட்டியது. மதில்மேல் நின்றால் வேட்டி பறந்து முகத்தை மூடுகிற காற்று. அத்தனை பெரிய கோட்டையை அத்தனை அழகாகக் கட்டியவர்கள், அவசரத்துக்கு ஒரு மறைவு கட்டாமல் போனார்களே என்று ஜேசுராஜ் மனம் நொந்தான். வெளியே ஓடி ஒரு தாழம்புதரைக் கண்டுபிடித்தான். திரும்பி வந்தபோது மதில்மேலிருந்து முப்பத்தேழு பேரும் கடலை விட்டுவிட்டு அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆச்சா?" என்று மேலேயிருந்து துலுக்கானம் கேட்டான், கப்பலுக்குக் கேட்கிற குரலில்.

முட்டத்தில் பஸ் நின்றதும் இரண்டாவது தடவை. ஒரு வசதி, முட்டத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. சிவந்த மண்மேடு சரிந்து இறங்குகிற இடத்தில், யானை யானையாகப் பாறைகள் கடலுக்குள் படுத்துக் கிடந்தன. அலை அவற்றின்மேல் முட்டி, பனைமர உயரத்துக்கு எழும்பி, வெள்ளையாக உடைந்து விழுந்தது. தூரத்தில் கலங்கரை விளக்கம். அருள்தாஸ் சொன்னது நியாயம்தான், இதுதான் கடல் என்று ஜேசுராஜுக்குத் தோன்றியது. அவன் அப்போது உட்கார்ந்திருந்த நிலையில் தோன்றியிருக்கக் கூடாது; ஆனாலும் தோன்றியது.

சவேரியம்மா அத்தையின் ஓட்டு வீடு மேட்டின்மேல் இருந்தது. வந்த அத்தனை பேருக்கும் கருப்பட்டிக் காப்பி, அவித்த மரச்சீனிக் கிழங்கு, மீன்குழம்பு. அத்தைக்கு ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும், சங்கு மாதிரி உறுதியான உடம்பு. நல்ல பெயர் வாங்க இதுதான் சமயமென்று ஜேசுராஜ், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கொட்டினான்.

அத்தை கவனித்தாள். "வெள்ளம் கொண்டாந்த பிள்ளே, இங்க வந்து இரி" என்றாள். ஜேசுராஜ் 'வெள்ளம்' என்ற சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கடலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குடத்துத் தண்ணீரைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று புரிந்த பிறகு உட்கார்ந்தான். அத்தை அவன் தட்டில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள். பக்கத்தில் ஹில்டா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அருள்தாஸ் கொஞ்சம் தள்ளி, கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பேரு என்ன மக்களே?"

"ஜேசுராஜ் அத்தை."

"நல்ல பேரு. கெட்டு கழிஞ்சாச்சா?"

ஜேசுராஜுக்குக் காது சூடாகிவிட்டது. அடப்பாவி துலுக்கானம்! வந்து அரை மணி ஆகவில்லை, அதற்குள் இந்த அம்மாள் வரைக்குமா சொல்லிவைத்தான்? வயிறு கெட்டுக் கழிந்ததை, அதுவும் ஹில்டாவை வைத்துக்கொண்டு, இப்படி நேருக்கு நேராகவா கேட்பார்கள்? சரி, கடற்கரை ஜனங்கள், ஒளிவுமறைவு இல்லாதவர்கள். நாமும் உண்மையைச் சொல்லுவோம்.

"ஆச்சு அத்தை" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "ரெண்டு வாட்டி."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் கெட்டு என்றால் கல்யாணம். கழிவது என்றால் முடிவது. 'உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?' என்பதுதான் அத்தை கேட்டது. ஊருக்கு வந்த எந்த வாலிபனையும் கேட்கிற கேள்வி. இது ஜேசுராஜுக்குத் தெரிய வர இன்னும் நானூற்றைம்பது மைல் பாக்கியிருந்தது.

"ரெண்டா!" அத்தையின் அகப்பை நின்றது.

"ரெண்டுதான் அத்தை. ஜனங்க கூட்டிச் சொல்லுவாங்க. நம்பாதீங்க."

"ரெண்டுக்கும் என்ன ஆச்சு மக்களே? தீனமா?"

தீனம் என்றால் நோய். ஜேசுராஜ் காதில் அது தீனி என்று விழுந்தது.

"தீனிதான் அத்தை. வேற இன்னா? கண்டதையும் உள்ள தள்னா ஒத்துக்குமா? ரெண்டும் ஒரே மாதிரிதான் போச்சு."

அத்தை நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏசுவே! ஒமக்கு வருத்தமா இல்லியா?"

"மொதல்ல வயிறு எரிஞ்சுது அத்தை, இல்லேன்னு சொல்லல. அப்பால, போனதே நிம்மதின்னு ஆயிடுச்சு. இப்பதான் லேசா கீது."

அத்தை அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனியும் யோசனை உண்டோ?" என்றாள்.

"யோசிச்சா வருது? மூணாவது எப்ப வேணா வரும்போல கீது. வந்துட்டா எதையும் பாக்க முடியாது அத்தை. ஓடியே ஆவணும்."

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஹில்டாவின் கை நின்றுபோனதை அவன் பார்த்தான். ஆனால் பெண்பிள்ளை முன்னால் பேசுகிற பேச்சா இது, கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அத்தை எழுந்தாள். அவன் தட்டிலிருந்த மீன் துண்டை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எடுத்துப் பக்கத்துத் தட்டில் போட்டாள். "நீ உள்ள போ பிள்ளே" என்று ஹில்டாவை அனுப்பினாள். அப்புறம் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கலங்கரை விளக்கத்துப் பக்கம் போனாள்.

வயிற்றுக்காரனுக்கு மீன் கூடாது என்று அக்கறையாக எடுத்துவிட்டாள், எவ்வளவு நல்ல மனுஷி என்று ஜேசுராஜ் நெகிழ்ந்தான். பரீட்சையில் தேறிவிட்டோம் என்றே நம்பினான்.

குளச்சலுக்குப் போகிற வழியில்தான் அவனுக்கு ஏதோ உறைத்தது. ஹில்டா முன் சீட்டுக்கு மாறியிருந்தாள். அருள்தாஸ் அவள் பக்கத்தில் கோட்டை மதில் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஜேசுராஜ் பின்வாசல் பக்கம் அண்டா இருந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தான். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ் நின்றதும் துலுக்கானம் காதைக் கடித்தான். "இன்னா மாமே, உன்னப் பத்தி ரெண்டு ரெண்டுன்னு பேசிக்கினு கீறாங்க?"

"நீதானே ஊரு பூரா தமுக்கு அடிச்ச? வயித்த பத்திதான்."

"நா எங்க அடிச்சேன்? வட்டக்கோட்டையில ஒரு வாட்டி கேட்டதோட சரி."

குளச்சலில், டச்சுக்காரர்களை ராஜாவின் படை தோற்கடித்ததற்காக நட்ட கல்தூணைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். அருள்தாஸ் சண்டையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமான உற்சாகம் அதில் இல்லை. டச்சுக்காரர்கள்மேல் இரக்கப்படுகிற மாதிரிகூட இருந்தது. ஹில்டா மெதுவாக ஜேசுராஜ் பக்கம் வந்தாள். கண் சிவந்திருந்தது. உப்புக் காற்று என்று அவன் நினைத்தான்.

"உங்கள ஒன்னு கேக்கணும். ராயபுரத்துல உங்களுக்கு யாரு கீறாங்க?"

அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒரு சித்தப்பா மட்டும் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். கேட்டவளும் அதைச் சொல்லுவான் என்றுதான் நின்றாள். ஆனால் இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த வாய்.

"யாரு இல்ல? பாதி ராயபுரம் நம்ம ஊடுதான். எந்தத் தெருவுக்குப் போனாலும் சோறு போட்டு பாய் விரிப்பாங்க" என்றான்.

ஹில்டா சட்டென்று திரும்பி பஸ்ஸை நோக்கி நடந்தாள். அதற்கப்புறம் அவளுடைய பின்னந்தலையைத்தான் அவன் நானூற்றைம்பது மைலும் பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பஸ் அம்பத்தூர் கோயில் வாசலில் நின்றது. எல்லாரும் மூட்டைகளோடு கலைந்தார்கள். ஜேசுராஜ், யாரும் கேட்காமலே, அருள்தாஸின் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஒரகடத்துக்கு நடந்தான். ஒருவரும் அவனோடு பேசவில்லை, பெட்டியை வாங்கிக்கொள்ளவுமில்லை. வயிறு ஒரு காரணமாகவே இருக்க முடியாது. வயிறு கெட்டதற்காக யாராவது ஒரு மனிதனை இவ்வளவு வெறுப்பார்களா? வேறு ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் அந்தத் தெருவை விட்டுப் போவதில்லை என்று பெட்டிக்கு அடியில் தீர்மானித்துக்கொண்டான்.

வாசலில் ஹில்டாவின் அம்மா ஞானகுமாரி கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் அவள் சுற்றுலாவுக்கு வரவில்லை.

"பெட்டிய அங்கியே வெச்சிட்டு போ" என்றார் அருள்தாஸ். "உள்ள வராத."

"நா இன்னா சார் பண்ணேன்?"

"இன்னா பண்ணியா? ரெண்டு பொண்ணுங்க வாழ்க்கைய முடிச்சிட்டு, மூணாவதுக்கு என் ஊட்டுக்கு வந்துகீற. அதுவும் சோத்துல ஏதோ ஆயி ரெண்டும் ஒரே மாதிரி போச்சுன்னு வாய்கூசாம சொல்லிக்கீற. எங்க அக்கா ராப்பூரா செபமால சொல்லியிருப்பாங்க!"

டிரங்குப் பெட்டி ஜேசுராஜின் தலையிலேயே இருந்தது. அதை இறக்க வேண்டும் என்பதுகூட அவனுக்கு மறந்துபோயிற்று.

"எந்தப் பொண்ணுங்க சார்?"

"உன் சம்சாரங்க!"

"எனுக்கா? எனுக்கு ஒரு சம்சாரமே கெடைக்கலன்னுதானே சார் மூணு நாளு பஸ்ஸுல குந்திக்கினு வந்தேன்!"

"பாத்தியாம்மா, இதுலயும் தமாசு" என்றாள் ஹில்டா. "எங்க அத்த கேட்டாங்க, நீங்க ரெண்டு வாட்டின்னீங்க. நா பக்கத்துலயேதான் இருந்தேன். அவங்க பேச்சு எனுக்கே அரைகுறையாதான் புரியும். அப்பாதான் அப்பால வெளக்கிச் சொன்னாரு."

ஞானகுமாரி தீவனச் சட்டியைக் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பெட்டி சுமந்தவனைப் பார்த்தாள்.

"தம்பி, பெட்டிய எறக்கு மொதல்ல. எறக்கிட்டியா? இப்ப சொல்லு. எங்க நாத்தனாரு இன்னா வார்த்த கேட்டாங்க? மாத்தாம அப்டியே சொல்லு."

ஜேசுராஜ் வெட்கத்தை விட்டுச் சொன்னான். "கெட்டு கழிஞ்சாச்சான்னு கேட்டாங்கம்மா."

"நீ இன்னான்னு நெனச்ச?"

"அதான்மா... வயிறு கெட்டு..." அவன் ஹில்டாவை ஓரக்கண்ணால் பார்த்தான். "பதநி நாலு பட்ட குடிச்சேன். வட்டக்கோட்டையில ஒரு வாட்டி, முட்டத்துல ஒரு வாட்டி. பொய் சொல்லக்கூடாதேன்னு கணக்கா சொல்ட்டேன்."

ஞானகுமாரி பூந்தமல்லியில் பிறந்து, மணப்பெண்ணாக முட்டத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்து வந்தவள். குடிக்க வெள்ளம் கொண்டா என்று மாமியார் சொன்னதும் மேட்டுக்கு ஓடிப் போய் நின்றவள். அவளுக்கு ஒரு விநாடிதான் ஆயிற்று. வாயில் முந்தானையை வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். கோழிகள் நாலாப்பக்கமும் சிதறின.

"கெட்டுன்னா கல்யாணம்டா கண்ணு!" என்றாள் சிரிப்பின் நடுவே. "உனுக்கு கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க. நீ ரெண்டு ஆச்சு, மூணாவது வருது, ஓடணும்னு... ஐயோ, சாமி!"

ஜேசுராஜ் முட்டத்தில் தான் சொன்ன ஒவ்வொரு பதிலையும் வரிசையாக நினைத்துப் பார்த்தான். வயிறு எரிந்தது. போனதே நிம்மதி. அப்படிச் சொன்ன ஆளை அவனுக்கே அடிக்க வேண்டும் போலிருந்தது.

அருள்தாஸின் மீசை முதலில் ஆடியது. பிறகு தோள் ஆடியது. "நா அந்த ஊர்ல பொறந்தவன், எனுக்குத் தோணல பாரு" என்று தலையில் தட்டிக்கொண்டார். அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றது. "அக்காவுக்கு இத எப்படி எழுதறது? தபால்ல எழுதற விசயமா இது?"

"நானே எழுதறேன் சார். பதநி, வட்டக்கோட்ட, புதரு, எல்லாம் விவரமா."

"நீ எதையும் எழுதாத" என்றார் அருள்தாஸ் அவசரமாக. அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, ஆனது ஆச்சு. அப்ப... பாக்கலாம்."

"இன்னும் இன்னாத்த பாக்கறது?" என்றாள் ஞானகுமாரி. "நாலு பட்ட பதநிய குடிச்சிட்டு வயித்த பிடிச்சிக்கினு உங்க அக்கா ஊட்டுக்கு தண்ணி தூக்கிக்கீறான். நீங்க கல்யாணத்துக்கு முன்னால எங்க ஊட்டுக்கு ஒரு சொம்பு தூக்கினீங்களா? உள்ள வாங்க, கொழம்பு காயுது." புருஷனை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வாசலில் இருவர் மட்டும் நின்றார்கள். ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததில் வந்த கண்ணீரா, அதற்கு முந்தியதா என்று தெரியவில்லை. ஜேசுராஜுக்கு வாயில் நாலு ஜோக்குகள் வரிசை கட்டி நின்றன. நாலும் நல்ல ஜோக்குகள். முதலாவதற்கு வாயைத் திறந்தான்.

"வேணாம்" என்றாள் ஹில்டா. "மூணு வாட்டி கேட்டீங்க, மூணு வாட்டியும் தமாசு. நீங்க நெஜமா கேக்கறீங்களா, கேண்டீன்ல சிரிக்கறதுக்கு கேக்கறீங்களான்னு எனுக்கு எப்படித் தெரியும்? தமாசுக்கு நா சரின்னு சொல்லிட்டு, மறுநாளு அந்த எடத்துல நிக்க முடியுமா? ஆவடி பஸ்ஸுல ஏறினேனே, பாத்தீங்களா? எந்த பஸ்ஸுன்னு பாக்காம ஏறிட்டேன். ஆவடி வரைக்கும் போயிட்டு திரும்பி வந்தேன்."

ஜேசுராஜ் வாயை மூடினான். தலையில் பெட்டி இருந்த இடம் வலித்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசல் மெஷினில் முதல் நாள் நின்றபோதும் கை இப்படித்தான் இடம் தேடியது என்று நினைத்துக்கொண்டான். அதையும் சொல்லவில்லை.

"ஹில்டா" என்றான். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "எனுக்கு சித்தப்பா ஒருத்தரு கீறாரு. வேற யாரும் இல்ல. நா உன்னக் கட்டிக்கணும்னு ஆசப்படறேன். ரொம்ப நாளா. உனுக்கு இஷ்டமா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அருள்தாஸும் ஞானகுமாரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் போலிருக்கிறது. ஹில்டா அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, தலை குனியவில்லை, சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இஷ்டம்" என்றாள். "உங்களத்தான் கட்டிப்பேன்."